உலக அரசியல்: எங்கள் வாசிகசாலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குடியியலும் அரசியல் விஞ்ஞானமும் படிப்பித்து ஓய்வுபெற்றவள். பருத்தித்துறைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பத்திரிகைகளை விரித்து வைத்துக்கொண்டு கதைப்போம். தோட்டக்காரர், கடற்றொழிலாளர், உயர்தர மாணவர், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் ஆச்சிமார் என்று பலர் வருவார்கள். வருடக்கணக்காக ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கொப்பியில் குறித்து வைத்தேன். வாசிகசாலைக்கு வர முடியாதவர்களுக்காக இப்போது பதில்களோடு தருகிறேன்.

ரீச்சர், உலகம் மாறுகிறது, மாறுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னதான் மாறிவிட்டது?

எங்கள் வாசிகசாலைச் சுவரில் தொங்கும் உலகப்படத்தில் சோவியத் ஒன்றியம் இன்னும் உடையாமல் இருக்கிறது. உண்மையில் அது 1991 டிசம்பரில் கலைந்தது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் அளவில் அமெரிக்கா வைத்ததே சட்டம் என்ற நிலை இருந்தது. இன்றும் அமெரிக்காவின் படைபலத்துக்கும் டொலருக்கும் ஈடு இல்லை. ஆனால் அதற்கு முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்லக்கூடிய நாடுகள் கூடிவிட்டன. சீனா தொழிற்சாலைகளாலும் கடன் கொடுக்கும் வசதியாலும் நிமிர்ந்து நிற்கிறது. இந்தியா, துருக்கி, சவூதி, பிரேசில் போன்றவை எந்தப் பக்கமும் முழுதாகச் சாயாமல் தங்கள் காரியத்தைப் பார்க்கின்றன.

ஓர் உதாரணம் சொல்கிறேன். உக்ரைன் மீதான ரஷ்யாவின் படையெடுப்பைக் கண்டித்து 2022 மார்ச் 2ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபையில் வாக்கெடுப்பு நடந்தது. 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, 35 வாக்களிக்காமல் விலகி நின்றன. விலகிய 35இல் இந்தியா, சீனா, இலங்கை மூன்றும் இருந்தன. எல்லையில் மோதிக்கொள்ளும் இந்தியாவும் சீனாவும் அன்று ஒரே வரிசையில் நின்றதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல கேள்விகளுக்கு அது உதவும்.

உக்ரைனில் சண்டை நடந்தால் என்னுடைய வெங்காயத் தோட்டத்தில் ஏன் இடி விழுகிறது?

உலகச் சந்தைக்கு வரும் கோதுமையில் கால்பங்குக்கு மேல் ரஷ்யாவும் உக்ரைனும் விற்று வந்தவை. ரஷ்யா எண்ணெய், எரிவாயு, உரம் மூன்றையும் பெருமளவில் விற்கும் நாடு. 2022 பெப்ரவரி 24ஆம் திகதி படைகள் எல்லை தாண்டியதும் இவற்றின் விலை உலகெங்கும் ஏறியது.

ஆனால் எல்லாப் பழியையும் உக்ரைன் மேல் போட நான் விடமாட்டேன். 2021இலேயே கொழும்பு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்திருந்தது. டொலர் கையிருப்பு கரைந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இடையில், ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவானது.

அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு தோட்டக்காரர் நீரிறைக்கும் இயந்திரத்தின் தாங்கிக்குள் ஈர்க்குக் குச்சியை விட்டு எண்ணெயை அளந்துகொண்டிருந்தார். குச்சி நுனியில் இரண்டு விரற்கடை நனைந்திருந்தது. வெங்காயத்துக்கு இன்னும் மூன்று இறைப்பு வேண்டும் என்றார். குச்சியைத் துணியில் துடைத்துவிட்டு மீண்டும் ஒரு முறை விட்டுப் பார்த்தார்.

மகள் சுவிஸிலிருந்து காசு அனுப்புகிறாள். டொலர் ஏறினால் எனக்கு நல்லதுதானே?

கையில் வரும் ரூபா கூடும். மா, சீனி, மருந்து, பஸ் கட்டணமும் கூடவே ஏறும். அனுப்பும் பிள்ளை இல்லாத பக்கத்து வீட்டுக்கு விலையேற்றம் மட்டும்தான் வரும். வங்கிக்கு வெளியே ஆள்வழி காசு மாற்றும் உண்டியலில் அனுப்பினால் ரூபா உங்கள் வீட்டுக்கு வந்துவிடும், மகள் கொடுத்த பிராங்க் நாட்டுக்குள் வராது. 2021, 2022இல் வங்கி விலைக்கும் வெளிவிலைக்கும் இடைவெளி பெரிதாக இருந்ததால் பலர் உண்டியலை நாடினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மருந்து இறக்க டொலர் இல்லாமற்போனதில் அதற்கும் பங்குண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அம்பாந்தோட்டையைப் பிடித்தது போலச் சீனா யாழ்ப்பாணத்தையும் பிடித்துவிடுமா?

அம்பாந்தோட்டையில் நடந்ததை முதலில் சரியாகச் சொல்கிறேன். துறைமுகம் சீன வங்கிக் கடனில் கட்டப்பட்டது. 2017இல் அது ஒரு சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது, கிடைத்தது 1.12 பில்லியன் டொலர். கடனுக்குப் பதிலாகத் துறைமுகத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்பது பாதிக் கதை. குத்தகைப் பணம் அரசின் கையிருப்பில் சேர்ந்தது, துறைமுகம் கட்ட வாங்கிய கடன் அப்படியே அரசின் தலையில் இருந்தது. அரசை அதிகம் நெருக்கியவை மேற்கு நாடுகளின் நிதிச் சந்தையில் விற்ற இறைமை முறிகளின், அதாவது அரசின் கடன் பத்திரங்களின், தவணைகள். 2022இல் கைவிரித்தபோதும் கடனில் மிகப் பெரிய பங்கு அதுதான்.

யாழ்ப்பாணத்தில் பிடிப்பதற்கு அப்படியொரு ஆழ்கடல் துறைமுகம் இல்லை. காங்கேசன்துறை சிறியது, பாக்குநீரிணை ஆழம் குறைந்தது. சீனாவுக்கு இங்கே வேண்டியது, இந்தியக் கரைக்கு அருகில் தானும் இருக்கிறேன் என்று காட்டுவது என்பதே என் கணிப்பு. 2021 டிசம்பரில் சீனத் தூதுவர் வேட்டி கட்டிக்கொண்டு நல்லூர் கோவிலுக்குப் போனார். யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்கும் சென்றார். மரியாதையாக வந்தவரை மரியாதையாக வரவேற்றோம், அது எங்கள் பண்பு. ஆனால் அந்த வருகையை எங்களைவிடக் கூர்ந்து பார்த்தது டில்லி.

அப்படியென்றால் நெடுந்தீவுக்கு மின்சாரம் கொடுக்க வந்த சீனாவை ஏன் திருப்பி அனுப்பினார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் நெடுந்தீவில் பிறந்தவர். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய ஒளி, காற்று இரண்டையும் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியில் தயாரானது. 2021 ஜனவரியில் ஒப்பந்தம் சீன நிறுவனமொன்றுக்குக் கிடைத்தது. தன் கரையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றரில் சீன நிறுவனம் வந்து இறங்குவதை இந்தியா எதிர்த்தது. திட்டம் நின்றது. பிறகு இந்தியா தானே 11 மில்லியன் டொலர் நன்கொடையாகத் தருவதாகச் சொன்னது. 2024 மார்ச்சில்தான் ஓர் இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது.

கடன் நன்கொடையானது நாட்டுக்கு இலாபம். ஆனால் இரண்டு பெரிய நாடுகளின் இழுபறியில் போன மூன்று ஆண்டுகளும் தீவுச் சனத்தின் ஆண்டுகள். அவர்களிடம் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனம் 484 மெகாவாற் காற்றாலை அமைக்கப் போகிறது என்றார்கள். விலை பற்றிய தகராறும் மன்னார் மக்களின் சூழல் பற்றிய அச்சமும் எழுந்தன. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. மன்னாரில் சனம் வாய் திறந்தது, வழக்கும் போட்டது. தீவுகளுக்காக அப்படிப் பேச ஆள் குறைவு.

இந்தியா எங்களுக்கு நண்பனா, இல்லையா? ஒரு சொல்லில் சொல்லுங்கள்.

ஒரு சொல்லில் சொன்னால் பொய்யாகிவிடும். 1987 யூலை 29 இந்திய – இலங்கை ஒப்பந்தத்தால் வந்தவை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமும் மாகாண சபைகளும். அதே ஆண்டு வந்த இந்தியப் படையோடு நடந்த சண்டையில் எங்கள் சனம் பட்டதை எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. 2009 மே மாதம் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்துக்கு இந்தியா வாக்களித்தது. 2012, 2013இல் இலங்கையைக் கேள்வி கேட்ட தீர்மானங்களை ஆதரித்தது. 2014, 2021, 2022இல் விலகி நின்றது. போருக்குப் பிறகு வீடுகள் கட்டித் தந்தது, கலாசார மையம் கட்டியது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகின்றன. 2022இல் நாடு வாடியபோது முதலில் கை கொடுத்ததும் இந்தியாதான், ஏறக்குறைய 4 பில்லியன் டொலர் அளவில்.

கடல் வேறு கதை. ஒரு சனிக்கிழமை ஒரு கடற்றொழிலாளர் கிழிந்த வலையொன்றைக் கொண்டு வந்து பத்திரிகை மேசையில் விரித்தார். கண்ணிகள் இழுபட்டுக் கையளவு ஓட்டைகளாக இருந்தன, மிதவைக் கயிறு பாதியில் அறுந்து தொங்கியது. கடனுக்கு வாங்கிய வலை. இரவில் வந்த இழுவைப்படகு அதன் மேலால் போய்விட்டது. அடியில் இழுக்கும் மடி மீனையும் குஞ்சையும் கடற்பாசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிறது. இலங்கை அதை 2017இல் சட்டத்தால் தடை செய்தது. எதிர்க்கரையிலிருந்து படகுகள் வருவது நிற்கவில்லை. அந்தப் படகில் கூலிக்கு வரும் தமிழ்நாட்டுத் தொழிலாளியும் ஏழைதான். பிடிபட்டுச் சிறைக்குப் போவது அவன். முதலாளி கரையில் இருக்கிறான். இந்த ஒரு விடயத்தில் நான் நடுநிலை பேசமாட்டேன். இழுவைமடி நிற்க வேண்டும்.

ஜெனீவாவில் ஒவ்வொரு முறையும் தீர்மானம் வருகிறது. பிறகு ஒன்றும் நடப்பதில்லையே?

ஜெனீவாவில் இருப்பது மனித உரிமைகள் பேரவை. 2006இல் தொடங்கியது, 47 நாடுகள், ஒரு நாடு தனியே தடுக்கும் வீட்டோ அதிகாரம் ஒருவருக்கும் இல்லை. அதனால்தான் தீர்மானம் நிறைவேறுகிறது. ஆனால் அதற்குப் பலவந்தம் செய்யும் அதிகாரமும் இல்லை. படை அனுப்ப, தடை போட, ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்த அதனால் முடியாது.

ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லாதீர்கள். 2021 மார்ச்சில் 22 நாடுகள் ஆதரித்து, 11 எதிர்த்து, 14 விலகி நிறைவேறிய 46/1 தீர்மானத்தின்படி, சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாத்து வைக்கும் ஒரு பிரிவு ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தில் இயங்குகிறது. 2025 ஒக்டோபரில் அதன் பணி மேலும் நீடிக்கப்பட்டது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரக் கொட்டகையில் இருக்கும் தாய்மார் ஒவ்வொருவராக இறந்துபோகிறார்கள். அவர்கள் சொன்னது எழுத்தில், திகதியோடு, ஒரு பெட்டகத்தில் இருப்பது பெரிய காரியம். அது போதும் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாய்மாருக்கு முன்னால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் நேரே பாதுகாப்புச் சபைக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்கும் போகலாமே?

பாதுகாப்புச் சபையில் 15 நாடுகள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரித்தானியா, பிரான்ஸ் ஐந்தும் நிரந்தர உறுப்பினர்கள். இவர்களில் ஒருவர் கைதூக்கி எதிர்த்தாலும் தீர்மானம் செத்துவிடும். உக்ரைன் விடயத்தில் ரஷ்யாவும் இஸ்ரேலுக்காக அமெரிக்காவும் அப்படித் தடுத்ததைப் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். கொழும்புக்காகச் சீனா கைதூக்காது என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

நீதிமன்றங்கள் இரண்டு இருக்கின்றன, இரண்டும் ஹேக் நகரில். தனிமனிதரை விசாரிப்பது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். இலங்கை அதன் ரோம் சாசனத்தில் சேரவில்லை. இலங்கை அரசு தானே இணங்காவிட்டால், இங்கே நடந்ததற்காக இங்குள்ளவரை அங்கே நிறுத்தப் பாதுகாப்புச் சபையே அனுப்ப வேண்டும். மேலே சொன்ன வீட்டோவில் போய் முட்டிக்கொள்வோம். மற்றையது சர்வதேச நீதிமன்றம். அங்கே நாட்டுக்கு எதிராக நாடுதான் வழக்குப் போடலாம். ரோஹிங்கியாக்களுக்காக 2019இல் மியன்மார் மீது வழக்குப் போட்டது காம்பியா என்ற சின்னஞ்சிறு ஆபிரிக்க நாடு. காசாவுக்காக 2023 டிசம்பரில் இஸ்ரேல் மீது வழக்குப் போட்டது தென்னாபிரிக்கா. எங்களுக்காக அப்படி ஒரு நாடு இன்றுவரை எழும்பவில்லை.

தென்சூடானுக்குக் கிடைத்தது, கிழக்குத் திமோருக்குக் கிடைத்தது. எங்களுக்கு மட்டும் ஏன் உலகம் கண்ணை மூடிக்கொண்டது?

இதைக் கேட்கும்போது பலருக்குக் குரல் தழுதழுக்கும். அதனால் நிதானமாகச் சொல்கிறேன். தென்சூடானில் 2011 ஜனவரியில் 98.83 சதவீதம் பேர் பிரிவதற்கு வாக்களித்தார்கள். அந்த வாக்கெடுப்புக்கு 2005 உடன்படிக்கையில் சூடானின் கார்ட்டூம் அரசே கையெழுத்திட்டிருந்தது. கிழக்குத் திமோரை இந்தோனேசியாவின் பகுதியாக ஐ.நா. ஒருநாளும் ஏற்கவில்லை. 1999இல் ஜனாதிபதி ஹபிபி வாக்கெடுப்புக்கு இணங்கினார். கொசோவோவுக்காக நேட்டோ குண்டு போட்டது. 2008இல் சுதந்திரம் அறிவித்தும் ஐ.நா.வில் அதற்கு இன்னும் ஆசனம் இல்லை. பூகன்வில் தீவில் 2019இல் ஏறக்குறைய 98 சதவீதம் பேர் சுதந்திரம் கேட்டார்கள். அந்த முடிவு சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பதால் பப்புவா நியூகினிப் பாராளுமன்றத்தின் வாசலில் நிற்கிறார்கள்.

இவர்களுடைய துன்பம் எங்களுடையதைவிடப் பெரிது என்பதற்காக எதுவும் கிடைக்கவில்லை. ஆட்சி செய்த அரசு தளர்ந்தபோதோ, ஒரு வல்லரசுக்கு அது தேவைப்பட்டபோதோதான் கிடைத்தது. 2009இல் எங்கள் பக்கத்தில் இரண்டும் இல்லை. இந்தியா, சீனா, அமெரிக்கா மூன்றும் வேறுவேறு காரணத்துக்காக, கொழும்பு வெல்வதில் ஒத்துப்போயின. முதற்கேள்வியில் சொன்ன வரிசையை நினையுங்கள். தென்சூடானும் கொடிபிடித்த இரண்டரை ஆண்டுக்குள், 2013 டிசம்பரில், தனக்குள்ளேயே போரில் விழுந்தது.

இதோடு இன்னொன்றையும் கேட்கிறேன். வட மாகாண சபைத் தேர்தல் 2013இல் நடந்தது, 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. ஜெனீவாவை எண்ணிய அளவுக்கு இந்தத் தேர்தலை நாங்கள் கேட்டோமா?

கனடாவும் லண்டனும் தடை போட்டன. தடை என்றால் சிறையா?

இல்லை. அந்த நாட்டுக்குள் வர முடியாது, அங்கே சொத்து இருந்தால் முடக்கப்படும். கனடா 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதிகள் மகிந்த, கோட்டாபய ராஜபக்ச இருவர் மீதும் தடை போட்டது. பிரித்தானியா 2025 மார்ச்சில் மூன்று முன்னாள் தளபதிகள் மீதும் புலிகளிலிருந்து பிரிந்த கருணா மீதும் போட்டது. புலம்பெயர்ந்த எங்கள் சனத்தின் வாக்குகளுக்கு அங்கே மதிப்பு இருப்பதால் நடந்தது இது. அதே கனடா 2024இல் குடிவரவு எண்ணிக்கையைக் குறைத்ததையும் பார்த்தோம். இரண்டும் அவர்களுடைய உள்நாட்டு அரசியல்.

ட்ரம்ப் போட்ட வரி எங்களுக்கு என்ன செய்யும்?

2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதம் என்று அறிவித்தார்கள். யூலையில் 30 ஆக்கினார்கள், ஓகஸ்டில் 20 ஆனது. எங்கள் ஆடைகளை அதிகம் வாங்கும் நாடு அமெரிக்கா. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அதிகாலையில் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நிற்கும் பெண்பிள்ளைகளின் மேலதிக நேர வேலையில்தான் இது முதலில் தெரியும்.

ரஷ்யாவில் வேலை, ஐரோப்பாவுக்குப் பாதை என்று ஒரு முகவர் சொல்கிறார். மகனை அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. இலங்கையிலிருந்து போன முன்னாள் படையினர் பலர் ரஷ்ய – உக்ரைன் போர்முனையில் இறந்திருக்கிறார்கள். ஐரோப்பா போகப் புறப்பட்ட வடக்கு இளைஞர்களும் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டுவிட்டதாக 2024இல் குடும்பங்கள் கண்ணீரோடு முறையிட்டன.

கடல்வழியும் அப்படித்தான். 2021 ஒக்டோபரில் கனடாவை நினைத்துப் புறப்பட்ட தமிழர்களின் படகு பழுதாகி, 89 பேர் டியாகோ கார்சியா தீவில் கரையேறினார்கள். அது இந்து சமுத்திரத்தின் நடுவில், அமெரிக்கப் படைத்தளம் இருக்கும் பிரித்தானியத் தீவு. வேலிக்குள், கூடாரங்களில் மூன்று ஆண்டுகள் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலோரைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள். அதுவும், அந்தத் தீவும் சேர்ந்த சாகோஸ் தீவுகளை மொரிஷியஸுக்குக் கொடுக்கும் பேச்சு முற்றிய நேரத்தில்.

கச்சதீவை இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்களாம். வாட்ஸப்பில் குரல் பதிவு வந்தது. உண்மையா?

இதுவரை எந்த இலங்கை அரசும் அப்படிச் சொன்னதில்லை. 1974 ஒப்பந்தம் கச்சதீவை இலங்கைப் பக்கம் வைத்தது. 1976இல் நடந்த ஏற்பாடு, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் தொழில் செய்வதற்கு இடம் வைக்கவில்லை. தமிழ்நாட்டில் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு எழும். 2024இல் எழுந்தது. 2025 ஏப்ரல் 2ஆம் திகதி தமிழ்நாடு சட்டசபை மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க கச்சதீவில் போய் இறங்கினார். அதுவே கொழும்பின் பதில்.

வலையைக் கொண்டு வந்த அதே கடற்றொழிலாளரிடம் இந்தக் குரல் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். 285 ஏக்கர் தீவு யாருக்கு என்றாலும் இழுவைப்படகு வருவது பருத்தித்துறைக்கும் முல்லைத்தீவுக்கும்தானே என்று கேட்டுவிட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தார்.

இப்படிப் பதிவு வந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள். நான் மூன்றைத்தான் பார்ப்பேன்: சொன்னவர் யார், என்ன திகதி, எந்த ஆவணத்தில் இருக்கிறது. மூன்றும் இல்லாத பதிவை வேறு ஒருவருக்கு அனுப்ப வேண்டாம். கச்சதீவு அந்தோனியார் கோவில் திருவிழா நெருங்கும் மாதங்களில் இவை அதிகம் வரும். அப்போது வெள்ளிக்கிழமைகளிலும் நாலு மணிக்கு வாசிகசாலை திறந்திருக்கும்.